நன்றி யாருக்குச் சொல்லுவது?

சுயமரியாதைக்காரர்களுக்குக் கடவுள் இல்லை, ஆதலால் அவர்களுக்கு நன்றி என்பதும் இல்லை என்று நம்மைப்பற்றிச் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. நன்றி என்பது மனிதனுக்கு இருக்க வேண்டிய குணம் என்பதில் நமக்கு எவ்வித ஆட்சேபணையும் கிடையாது. ஆனால், நன்மை செய்தவன் ஒருவனாயிருக்க, அவனை விட்டுவிட்டு, ஒரு நன்மையும் செய்யாத இடத்தில் கொண்டுபோய் நன்றியைக் கொட்டுகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது? அவனையல்லவா நன்றி கெட்டவன் என்று சொல்ல வேண்டும்? இதை இந்த வாரம் எழுத நேர்ந்ததற்குக் காரணம், கடல் கடந்த தேசத்திலிருந்து நமக்கு வந்திருக்கும் ஒரு கடிதமாகும்.

நமது தோழர் ஒருவர் மூன்று வருஷங்களாக ஜப்பான் தேசத்தில், கடற்கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில், ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் உதவி உபாத்தியாயராக இருந்து வருகிறார். கொங்கு நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார் இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, பால் ஊற்றி அவரைப் படிக்க வைத்தார். அவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது:

"இங்கு எனக்கு உறவினர் கிடையாது. பாஷையும் பாதிதான் தெரியும். ஆனாலும் தினமும் ஏதாவது ஒரு சிறு காரியம் என் மனதை நிறைத்துவிடுகிறது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் நரைத்த தலையுள்ள கிழவர்கள் மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு மோட்டார்களை நிறுத்திப் பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவிடுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. என்னையும் பார்த்துக் காலை வணக்கம் சொல்லுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் தன் தோட்டத்து முள்ளங்கியைக் கட்டி என் வாசற்படியில் வைத்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போய்விடுகிறாள். மாரிக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கூட வேலை செய்யும் உபாத்தியாயினி ஒருவர் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து, மருந்தை எந்த நேரத்துக்கு எவ்வளவு சாப்பிட வேண்டுமென்று படம் போட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். நான் தப்பாகப் பேசும் ஜப்பான் வார்த்தையை எட்டு வயதுப் பிள்ளை சிரிக்காமல் திருத்துகிறது. ராத்திரி படுக்கும்போது யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. இதை அம்மாவிடம் டெலிபோனில் சொன்னால், 'எல்லாம் முருகன் கொடுத்ததடா; ஊர்க் கோவில் கும்பாபிஷேகத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் அனுப்பு' என்கிறார். எனக்கு முருகனிடத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவின் மனதை நோகடிக்கவும் விருப்பமில்லை. அனுப்பட்டுமா, வேண்டாமா? தங்கள் அபிப்பிராயம் என்ன?"

இதுதான் கடிதம். தோழரின் கேள்வி அவர் ஒருவருடையது மாத்திரமல்ல. வெளிநாடுகளுக்குப் பிழைக்கப்போன நம்மவர்களில் எத்தனையோ பேருடைய வீடுகளில் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகையால் பகிரங்கமாகவே பதில் எழுதுகிறோம்.

முதலாவது, தோழர் எழுதியிருக்கும் நன்மைகளைக் கணக்குப் பார்ப்போம். ரோட்டில் கொடி பிடித்தவர் யார்? கிழவர்கள். முள்ளங்கி விளைவித்தவர் யார்? பக்கத்து வீட்டு அம்மாள். கஞ்சி காய்ச்சியவர் யார்? கூட வேலை செய்யும் உபாத்தியாயினி. பாஷையைத் திருத்தியவர் யார்? எட்டு வயதுப் பிள்ளை. இந்த ஜாபிதாவில் முருகன் எந்த இடத்தில் வருகிறார்? பழனியாண்டவர் மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு ஜப்பான் ரோட்டில் நின்றதாகத் தோழர் எழுதவில்லையே! முள்ளங்கி கொடுத்தது முருகன் என்றால், காய்ச்சல் கொடுத்தது யார்? அதற்கு மட்டும் குளிர்காற்று காரணமாகிவிடுகிறது. நல்லதெல்லாம் சாமி கணக்கு, கெட்டதெல்லாம் நம்முடைய தலைவிதிக் கணக்கு என்று எழுதி வைத்திருக்கிற இந்தக் கணக்குப் புஸ்தகத்தை எந்தக் கோர்ட்டாவது ஒப்புக்கொள்ளுமா?

நிற்க, தோழர் தம் கடிதத்தில் மற்றொரு சங்கதியும் எழுதியிருக்கிறார். அது பள்ளிக்கூடத்துப் பகல் சாப்பாட்டைப் பற்றியது. இதை நமது வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானில் பள்ளிக்கூடச் சாப்பாடு என்பது 1889-ஆம் வருஷத்தில் யாமகத்தா மாகாணத்துச் சுருஓக்கா என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்ததிலிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. 1954-இல் அதற்கென்று சட்டமே செய்தார்கள். இப்போது ஆரம்பப் பள்ளிகளில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளே முறைவைத்து, வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு, சமையற் கூடத்திலிருந்து வந்த சாப்பாட்டை வகுப்புக்குத் தூக்கிவந்து ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள். உபாத்தியாயரும் அதே அறையில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். நகரசபைத் தலைவர் மகனென்றும் மீன்காரன் மகனென்றும் தனிப் பந்தி கிடையாது. பிள்ளைகள் சாப்பிடுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பே தலைமையாசிரியர் ஒரு தட்டுச் சாப்பிட்டுப் பார்த்துக் கெடுதல் ஏதாவது உண்டா என்று சோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் தேசத்தில் முதல் படையல் யாருக்குப் போகிறது? வாயில்லாத கல்லுக்குப் போகிறது. கல்லுக்கு நைவேத்தியம் வைத்தால் சோறு கெட்டிருக்கிறதா, இல்லையா என்று அது சொல்லுமா? தலைமையாசிரியர் தின்றால் சொல்லுவார்.

சாப்பிடுமுன் பிள்ளைகள் எல்லோரும் கைகூப்பி 'இதாதகிமாஸ்' என்கிறார்கள். பெற்றுக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம். சாப்பிட்டு முடிந்ததும் 'கோச்சிசோசமா' என்கிறார்கள். அந்த வார்த்தைக்குள் 'ஓடியாடுதல்' என்ற பொருள் அடங்கியிருக்கிறது. அதாவது, இந்தச் சாப்பாட்டைச் சேகரிக்க ஓடியாடினவர்களே, உங்களுக்கு நன்றி என்பதாகும். இந்த வழக்கத்தில் மதவாசனை அடியோடு இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பௌத்த மதத்தின் சாயல் அதில் உண்டு. ஆனாலும் கடைசியில் கைகூப்புவது யாரை நோக்கி? உழுதவனை, மீன் பிடித்தவனை, அடுப்படியில் நின்றவளை நோக்கி. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளே துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு தரையைத் துடைக்கிறார்கள். பல பள்ளிக்கூடங்களில் கக்கூசுகளையும் அவர்களேதான் சுத்தம் செய்கிறார்கள். தாங்கள் அழுக்காக்கினதைத் துடைக்கவென்றே ஒரு ஜாதி பிறந்திருக்கிறது என்கிற எண்ணம் அந்தப் பிள்ளையின் மூளையில் நுழைய அங்கே சந்தர்ப்பமில்லை.

இதைக் கண்டதும் நமது தோழருக்குத் தம் பால்யத்து ஞாபகம் வந்துவிட்டது. அவர் எழுதுகிறார்: "நான் படித்த கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் சத்துணவு போட்டார்கள். சமைத்த ஆயா ஆதித்திராவிடர் தெருவைச் சேர்ந்தவர். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தச் சோற்றைத் தொடக்கூடாதென்று வீட்டில் உத்தரவு. நான் தூக்குப் போசியில் பழைய சோறு கொண்டுபோய்த் திண்ணையில் தனியாக உட்கார்ந்து தின்றேன். ஒருநாள் பசி தாங்காமல் அழுதபோது அந்த ஆயா என்னைத் தொடாமல், தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டு, 'யாருக்கும் சொல்லமாட்டேன் சாமி, சாப்பிடு' என்றார். சாப்பிட்டேன். அவர் பேர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொரு நாளும் பிள்ளைகளோடு கைகூப்பும்போது அந்தத் தட்டுதான் கண்முன் வந்து நிற்கிறது."

தோழர்களே! இந்த இடத்தைப் படித்தபோது நமக்கு மேலே படிக்க ஓடவில்லை. சோறு போட்டவள் பெரியவள். தின்றவன் சிறு பிள்ளை. ஆனால் யார் யாரைச் 'சாமி' என்றது பார்த்தீர்களா? நன்றி சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டிருக்க, நன்மை செய்தவள் பயந்து பயந்து செய்தாளே, இப்படிப்பட்ட அக்கிரமம் எப்படி ஏற்பட்டது? ஜாதி என்பது சோற்றையும் தண்ணீரையும் மாத்திரம் பிரித்து வைத்திருக்கவில்லை. நன்றியையும் அல்லவா பிரித்து வைத்திருக்கிறது! கீழே இருப்பவன் செய்தால் அது அவன் கடமை. அதற்கு நன்றி கிடையாது. மேலே இருப்பவன் எச்சிலைப் போட்டாலும் அது தர்மம். அதற்கு ஏழு தலைமுறைக்குக் கடன்பட்டிருக்க வேண்டும். இதுதான் மனுவின் கணக்கு.

பள்ளிக்கூடத்துப் பந்தி என்பது நமது இயக்கத்துக்குப் புதிய விஷயமல்ல. வ.வே.சு. அய்யர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று 1924-25-இல் கிளம்பிய கிளர்ச்சியை வாசகர்கள் அறிவார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் பிறவிக்கொரு பந்தியா என்று கேட்டதுதான் அன்றைய கேள்வி. அதன் பின் 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவும், 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தன. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் 2018-இல் திருப்பூர் ஜில்லாவில் ஓர் அரசாங்கப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மையார் சமைக்கக்கூடாதென்று ஜாதி இந்துக்கள் தகராறு செய்து, அதிகாரிகளும் அந்த அம்மையாரையே வேறிடத்துக்கு மாற்றி, பிறகு எதிர்ப்புக் கிளம்பியதும் மாற்றலை ரத்து செய்தார்கள் என்ற செய்தியையும் நாம் படித்தோமல்லவா? சேரன்மாதேவிக்கும் திருப்பூருக்கும் இடையே 90 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பந்தி ஒன்றாயிற்று, ஆனால் அடுப்பில் இன்னும் ஜாதி எரிந்துகொண்டிருக்கிறது.

இது ஒருபுறமிருக்க, ஜப்பானைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது நமது வேலையல்ல. நன்றி என்ற பேரால் மனிதனை அடிமையாக்குவதில் அந்த நாடும் ஒரு காலத்தில் முன்னணியில் நின்றதுதான். 1890-இல் சக்கரவர்த்தியின் பேரால் கல்விக் கட்டளை ஒன்று வெளியிட்டு, பள்ளிக்கூடச் சடங்குகளில் அதைப் படித்து, பிள்ளைகளைத் தலைகுனிந்து நிற்க வைத்தார்கள். சக்கரவர்த்தியின் படத்தை வைப்பதற்குப் பள்ளிக்கூட வளவிலேயே சிறு கோவில்மாதிரிக் கட்டடம் கட்டினார்கள். நெருப்புப் பிடித்தபோது அந்தப் படத்தைக் காப்பாற்றப்போய் வெந்து செத்த தலைமையாசிரியர்களும் உண்டு. 1891-இல் தோக்கியோவில் உச்சிமுரா கான்சோ என்ற உபாத்தியாயர், சக்கரவர்த்தி கையெழுத்திட்ட அந்தக் கட்டளைக்குப் போதிய அளவு குனியவில்லை என்பதற்காக வேலையை இழந்தார். அவர் கிறிஸ்தவர், அவர் குனியாததற்குக் காரணம் அவருடைய மதம். நமக்கு அந்த மதம் வேண்டியதில்லை. ஆனால் குனியாத அந்த முதுகு நமக்கு வேண்டும். சக்கரவர்த்திக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகளைத்தான் பிற்காலத்தில் யுத்தத்துக்கு அனுப்பிச் சாக விட்டார்கள். தோற்றுப் போன பிறகு, 1948-இல்தான் அவர்களுடைய பார்லிமெண்டு அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்மானித்தது.

நம்முடைய புராணத்திலும் இதற்குக் குறைவில்லை. ஏகலைவன் துரோணரிடம் ஒருநாள்கூடப் பாடம் கேட்டதில்லை. தானாகக் கற்றுக்கொண்டான். அப்படியிருந்தும் குருதட்சணை என்று சொல்லி அவன் கட்டைவிரலை வாங்கிக்கொண்டார். சொல்லிக்கொடுக்காத வாத்தியாருக்குக் கட்டைவிரல் சம்பளம்! அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்லுகிறவர்கள் வெட்கப்பட வேண்டாமா? உபாத்தியாயராக இருக்கிற நமது தோழர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் தமக்கு நன்றியாயிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்காமல், பாஷையைத் திருத்துகிற பிள்ளைக்குத் தாம் நன்றி சொல்லுவாரானால், அவரே நல்ல உபாத்தியாயர் என்போம்.

ஆகவே நன்றியில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, மேலே பார்த்துக் கும்பிடுவது. மற்றொன்று, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சொல்லுவது. முதலாவது கடவுளுக்கும் ராஜாவுக்கும் எஜமானனுக்கும் போகிறது. அதனால் முதுகு வளைகிறது. இரண்டாவது உழைத்தவனுக்குப் போகிறது. அதனால் இரண்டு பேருடைய தலையும் நிமிருகிறது.

இந்த இரண்டாவது தினுசுக்கு ஜப்பானிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுகிறோம். அங்கேயும் தோல் வேலை செய்தவர்களையும் மாடு அறுத்தவர்களையும் தீண்டாதாராக ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1871-இல் சர்க்கார் அந்த இழிவு இல்லை என்று உத்தரவு போட்டும் ஊரார் விடவில்லை. உத்தரவு போட்ட சர்க்காருக்கு நன்றி சொல்லிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவுமில்லை. 1922 மார்ச்சு 3-ஆம் தேதி கியோத்தோ நகரத்தில் கூடி, 'சுயிஹெய்ஷா' என்ற சமத்துவச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். எங்கள்மேல் இரக்கப்பட வேண்டாம், எங்களை மனிதராக மதியுங்கள் என்பதுதான் அவர்கள் அறிக்கையின் சாரம். நமது இயக்கம் இங்கே 1925-இல் என்ன கேட்டதோ, அதையே மூன்று வருஷத்துக்கு முன்பு அவர்கள் அங்கே கேட்டிருக்கிறார்கள்.

பின்னும் கேளுங்கள். 1961-இல் கோச்சி நகரத்து நகஹாமா என்ற இடத்தில் அதே ஒதுக்கப்பட்ட வகுப்புத் தாய்மார்கள், கட்டாயக் கல்வி இலவசம் என்று அரசியல் சட்டம் சொல்லியிருக்கப் பாடப் புஸ்தகத்துக்கு மட்டும் ஏன் பணம் கேட்கிறீர்கள் என்று கிளர்ச்சி செய்தார்கள். அதன் பலனாக 1963-இல் முதல் வகுப்பில் தொடங்கி, 1969-க்குள் கட்டாயக் கல்விப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசப் புஸ்தகம் கிடைத்தது. ஒதுக்கப்பட்டவர்கள் போராடியதால் ஒதுக்கியவர்களின் பிள்ளைகளுக்கும் புஸ்தகம் கிடைத்தது! இன்று அந்தப் புஸ்தகங்களின் பின்னட்டையில், இது ஜனங்களின் வரிப்பணத்தில் உங்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்படுகிறது, பத்திரமாக உபயோகியுங்கள் என்ற கருத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். சரஸ்வதி கொடுத்தாள் என்று அச்சிடவில்லை. மந்திரி கொடுத்தார் என்றும் அச்சிடவில்லை. ஆனால் அந்தத் தாய்மார்களையும் அதில் அச்சிடவில்லை என்பதை நாம் குறையாகவே சொல்லுவோம். நமது தோழர் அந்தப் புஸ்தகத்தைத்தான் தினமும் கையில் எடுக்கிறார். அடுத்த தடவை எடுக்கும்போது அந்தத் தாய்மார்களையும் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. வாயால் நன்றி சொல்லிவிட்டுக் கூலியில் கை வைப்பது பெரிய மோசடி. ஜப்பானில் வேலை முடிந்து புறப்படுகிறவனிடம் 'ஓட்சுகரேசமா' என்பார்கள். களைத்துப் போனீர்களே என்பது அதன் கருத்து. நல்ல வார்த்தைதான். ஆனால் அங்குள்ள பொதுப் பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு எத்தனை மணி நேரம் அதிகம் உழைத்தாலும் தனிக் கூலி இல்லை. மாதச் சம்பளத்தில் 100-க்கு 4 பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று 1971-இல் சட்டம் செய்தார்கள். அதைப் படிப்படியாக 10 பங்காக உயர்த்த 2025-இல்தான் திருத்தம் வந்தது. நம் நாட்டில் 2020 மார்ச்சு 22-ஆம் தேதி சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் நன்றி என்று சொல்லித் தட்டைத் தட்டினோம். 2025 ஆகஸ்டில் அதே தொழிலாளர்கள் சென்னை ரிப்பன் கட்டடத்து முன்னால், எங்கள் வேலையைத் தனியார் கம்பெனிக்கு விடாதீர்கள் என்று 13 நாள் உட்கார்ந்திருந்தபோது, நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். தட்டின் சப்தத்தால் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததா? நன்றி என்பது கூலியாகவும் உரிமையாகவும் மரியாதையாகவும் மாறாவிட்டால் அது வெறும் சப்தமேயாகும்.

இனி, தோழரின் கேள்விக்கு நமது பதில். கும்பாபிஷேகத்துக்கு ஒரு காசும் அனுப்ப வேண்டியதில்லை. தாயாரோடு சண்டையும் போட வேண்டியதில்லை. அவரிடம் இப்படிச் சொல்லட்டும்: "அம்மா, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் கறந்தது உன் கை. மழையிலும் குளிரிலும் வீடு வீடாக ஊற்றியது உன் கால். என் பரீட்சைப் பணத்துக்கு அடகுக் கடைக்குப் போனது உன் தோடு. இதில் எதை முருகன் செய்தான்?" உலகத்தில் பெண்கள் படுகிற பாட்டையெல்லாம் அவர்களே சாமி பேரில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை வருஷ உழைப்பை அந்தத் தாய் முருகனுக்குச் சாஸனம் செய்து வைத்திருக்கிறாள்! அதை மகன் மீட்டுக் கொடுக்கட்டும். அதைவிடப் பெரிய நன்றி அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

இரண்டாவது, அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது அந்த ஆயாவின் பேரை விசாரிக்கட்டும். உயிரோடிருந்தால் அவர் வீட்டுக்குப் பகலில், எல்லோரும் பார்க்கப் போகட்டும். அவரைப் பேர் சொல்லி 'அம்மா' என்று அழைத்து, அவர் கையால் சோறு வாங்கித் தின்று, அந்த ஜப்பான் பிள்ளைகள் சொல்லுவதுபோல் நன்றி சொல்லட்டும். அன்று ரகசியமாகத் தள்ளின தட்டுக்கு இன்று பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். கூடுமானால் தாயாரையும் அழைத்துக்கொண்டு போகட்டும்.

மூன்றாவது, அந்த ஐம்பதாயிரத்தைத் தம் பழைய பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துப் புஸ்தக அலமாரி வைக்கட்டும். கல்லில் தம் பேரை மாத்திரம் வெட்டச் சொல்ல வேண்டாம். அதோடு, சத்துணவு ஊழியர்கள் காலமுறைச் சம்பளமும் முறையான ஓய்வூதியமும் வேண்டுமென்று வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறார்களே, அந்தக் கோரிக்கைக்குத் தம் குரலையும் சேர்க்கட்டும். பணம் ஒரு தரம் கொடுத்தால் தீர்ந்துவிடும். உரிமை கிடைத்தால் அடுத்த ஆயாவுக்கும் இருக்கும்.

நமக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது எந்தச் சாமியுமல்ல. முடிவெட்டும் கடை ஒன்றில், கத்தியைத் தீட்டிக்கொண்டே பத்திரிகையின் தலைப்புகளை நம்மைப் படிக்கச் சொல்லிப் பிழை திருத்திய ஒரு தோழர்தான் நமது உபாத்தியாயர். இந்தப் பத்திரிகையை யாராவது நன்றாயிருக்கிறதென்றால், அதில் அவருக்குப் பங்குண்டு.

வாசகர்களையும் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, இலையில் இருப்பது யார் யார் கையைத் தாண்டி வந்தது என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரை நம் வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறோம் என்றும் எண்ணிப் பாருங்கள். பிறகு நன்றி யாருக்கு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.